பீடமும் நீதியும்

இராயபுரத்திலிருந்து பாரிமுனைக்கு வரும் துறைமுகத் தொழிலாளி அண்ணாந்து பார்க்கிறான். உயர்நீதிமன்றத்தின் சிவந்த மாடங்கள் தெரிகின்றன. 1894 முதல் 1977 வரை அங்கே, உச்சியில் கலங்கரை விளக்கம் எரிந்தது. கடலில் வந்த கப்பலுக்கு வழி காட்டிற்று. கரையிலே மூட்டை சுமந்தவனுக்கு?

தலைமை நீதிபதி பதவியின் வரலாற்றை எழுதுவோர் பெயர்மாலை தொடுக்கின்றனர். 1801-ல் சர் தாமஸ் ஸ்டிரேஞ்ச். 1862-ல் உயர்நீதிமன்றம் பிறந்தபோது சர் காலி ஸ்காட்லண்டு. 1948-ல், நிலையாக அமர்ந்த முதல் இந்தியர் பி. வி. இராஜமன்னார். இது வரலாறா, தலபுராணமா? பீடத்தைப் பாடினர், பீடத்தின் முன் நின்றவனை மறந்தனர்.

1920-ல் பெரம்பூர் பின்னி ஆலைத் தகராறு. தொழிற்சங்கத் தலைவர் வாடியா மீது நிர்வாகம் வழக்குத் தொடுத்து, இம்மன்றத்திலேயே தடையாணை பெற்றது. சங்கத்துக்குச் சட்டக் காப்பு வேண்டுமென்ற குரல் வலுத்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

"அது வெள்ளையர் காலம்" என்பீர். சரி, 1950-க்கு வருவோம். பீடத்திலே நம்மவர். ஆயினும் அவர் தலைமையில் அமைந்த முழு அமர்வே, வகுப்புவாரி உரிமை ஆணை செல்லாது என்றது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெரியார் கிளர்ச்சிக்கு அழைத்தார், தமிழகம் கொதித்தது. அவ்வாண்டு சூனிலேயே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. 15(4) என்னும் பிரிவு பிறந்தது.

இராஜமன்னாரைப் பழிப்பதன்று நம் நோக்கம். ஏட்டில் இருந்த சட்டத்தை அவர் தமக்குத் தெரிந்தவாறு படித்தார். ஏட்டையே மக்கள் திருத்தினர். அதே இராஜமன்னாரைத்தான் 1969-ல் கலைஞர் அரசு, மாநில உரிமைகளை ஆராயும் குழுவுக்குத் தலைவராக்கிற்று.

அப்படியாயின், யார் அமர்ந்தால் என்ன என்று இருந்துவிடலாமா? கூடாது, தோழர்களே! 1950-ல் தோன்றிய உச்சநீதிமன்றத்தின் தலைமைப் பீடத்தில் தாழ்த்தப்பட்டோரில் ஒருவர், கே. ஜி. பாலகிருஷ்ணன், அமர 57 ஆண்டுகள் ஆயின. 2007 வரை தகுதி எங்கே ஒளிந்திருந்தது? தகுதி ஒளியவில்லை, வாயில் அடைபட்டிருந்தது.

எனவே, பீடத்தில் பங்கு கேட்போம். பங்கு கிடைத்ததும் பூசை செய்ய அமரமாட்டோம். தீர்ப்பைப் படிப்போம், சட்டத்தைப் படிப்போம், இரண்டும் மக்களுக்கு எதிராயின் மாற்றக் கிளம்புவோம். 1951 நமக்குச் சொல்லும் பாடம் அதுவே.