பாலையும் செருக்கும்: ‘வோஸ்’ நாவல் குறித்து

பாலைக்குப் பிரிதலை உரிப்பொருளாக வகுத்தது தமிழ் மரபு. நிலத்தின் வறட்சியையும் நெஞ்சின் தவிப்பையும் ஒருசேர நோக்கிய அம்மரபில் பயின்றோர்க்கு, ஆஸ்திரேலிய எழுத்தாளர் பேட்ரிக் ஒயிட் 1957-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வோஸ்’ என்னும் நாவல் அயலாகத் தோன்றாது. ஒயிட் 1973-இல் இலக்கியத்திற்கான நோபெல் பரிசு பெற்றவர். இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையில் பணியாற்றி வட ஆப்பிரிக்கப் பாலையை நேரில் அறிந்தவர்.

கதையின் வித்து வரலாற்றில் உள்ளது. பிரஷ்யாவில் பிறந்த லூட்விக் லைக்கார்ட் 1844-45-இல் ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நடந்து ஆஸ்திரேலியாவின் வடகரையை எட்டிப் புகழ்பெற்றார். 1848-இல் அக்கண்டத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடக்கப் புறப்பட்ட அவரும் அவர் குழுவினரும் திரும்பவே இல்லை. இந்த மறைவைக் கருவாகக் கொண்டே ஒயிட் தம் கதைத்தலைவனைப் படைத்தார்.

சிட்னியில் துணி வணிகம் செய்யும் பானர் போன்றோரின் பொருளுதவியால் வோஸ் பயணம் தொடங்குகின்றான். புலவன், பறவையியல் அறிஞர், முன்னாள் கைதி, குடிகாரன், சிறுவன் எனப் பலதிறத்தோர் உடன் செல்கின்றனர். நாட்டின் உட்பகுதியை அறிவதைவிடத் தன் மன உறுதியின் எல்லையை அறிவதே வோஸின் வேட்கை. பிறர் அன்பை அவன் தளர்ச்சி என எண்ணுகின்றான். தன்னையே தெய்வ நிலைக்கு உயர்த்திக்கொள்கின்றான். நீரின்மையும் நோயும் குழுவை வாட்டுகின்றன. ஆயினும் அதைப் பிளப்பது இச்செருக்கே. முன்னாள் கைதியான ஜட் வேறு இருவருடன் பிரிந்து திரும்புமிடத்தில், பாலையை வெல்லத் தேவை வீரமா, அடக்கமா என்னும் வினாவை ஆசிரியர் நம்முன் வைக்கின்றார்.

நாவலின் தனிச்சிறப்பு, வோஸுக்கும் பானரின் மருமகள் லாராவுக்கும் உள்ள உறவாகும். இருவரும் சந்தித்தது சிலமுறையே. பிரிந்தபின் மடல்வழி மணம் பேசுகின்றனர். மடல்கள் சென்றடையாத நிலையிலும் உள்ளத்தால் உரையாடுகின்றனர். அங்கே வோஸ் மடியும் வேளையில், இங்கே லாரா காய்ச்சலில் கிடந்து தவிக்கின்றாள். நடப்பியலுக்கு இது பொருந்துமா எனச் சிலர் வினவலாம். பிரிவைப் புறநிகழ்ச்சியாக மட்டும் கொள்ளாமல் அகநிகழ்ச்சியாகவும் கொண்டால் ஐயம் நீங்கும். பாலை வோஸின் செருக்கைக் களைய, பிரிவு அவனுக்கு அன்பைக் கற்பிக்கின்றது.

எனினும், இந்நாவலில் ஒரு குறை உண்டு. அப்பாலை யாருக்குப் பாலை? வெள்ளையர்க்கு வெறுமையாகத் தோன்றிய அந்நிலம், பழங்குடி மக்களுக்குப் பல்லாயிரம் ஆண்டுகளாக இல்லமாக இருந்தது. டுகால்ட் என்னும் பழங்குடி முதியவர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மடல்களைக் கிழித்துக் காற்றில் விடும் காட்சியில் ஆசிரியர் அவ்வுண்மையைத் தொடுகின்றார். வோஸ் அளித்த கத்தியாலேயே ஜாக்கி என்னும் இளைஞன் அவன் தலையைக் கொய்வதும் ஆழ்ந்த முரண். ஆயினும் இவ்விருவரின் அகவாழ்வு, வோஸின் அகவாழ்வுக்கு நிகராக விரித்துரைக்கப்படவில்லை. அவன் வீழ்ச்சிக்கு அவர்கள் கருவியாகவே நின்றுவிடுகின்றனர்.

நாவல் விரித்துக் காட்டாத பக்கத்தை வரலாறு காட்டுகின்றது. 1860 ஆகஸ்டில் மெல்பர்னிலிருந்து புறப்பட்ட பர்க், வில்ஸ் இருவரும் 1861-இல் கூப்பர்ஸ் கிரீக் என்னும் ஆற்றங்கரையில் மாண்டனர். அங்கு வாழ்ந்த யாண்ட்ருவாண்டா மக்கள் அவர்களுக்கு மீன் தந்தனர்; நம் ஆரைக்கீரையின் இனமான நார்டூவின் மாவும் தந்தனர். பர்க்கோ அம்மக்களை நம்பாமல் துப்பாக்கியால் சுட்டு விரட்டினார். நார்டூவை அவர்கள் பக்குவப்படுத்தும் முறையையும் பயணக்குழுவினர் சரிவரக் கற்கவில்லை. அம்மக்களோடு தங்கிய ஜான் கிங் ஒருவரே உயிர்பிழைத்து, 1861 செப்டம்பரில் மீட்கப்பட்டார். நீரருகே, உணவறிந்த மக்களருகே, பசியால் மடிவதைப் பாலையின் கொடுமை என்று மட்டும் கூறிவிட இயலுமா?

வகுப்பறையில் இத்தகையோரை ‘நாடு கண்டவர்’ என்று நாம் கற்பித்து வந்துள்ளோம். ஏற்கனவே மக்கள் வாழ்ந்த நிலத்தை ஒருவர் ‘கண்டார்’ என்பது, அம்மக்களைக் காணாமையேயாகும். ‘வோஸ்’ நாவல் வெல்ல வந்தவனின் செருக்கை வேரோடு காட்டுகின்றது. அவ்வகையில் அது பேரிலக்கியம். அந்நிலத்துக்குரியோரின் நெஞ்சை அதே ஆழத்தில் காட்டாமை அதன் எல்லை. இவ்விரண்டையும் சேர்த்தே மாணவர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியர் கடன்.