நோம்பிக்கு வராத ஊழியர்கள்

1

‘முழுநேர ஊழியர்’ என்ற சொல் தமிழில் இரண்டு இடங்களில் புழங்குகிறது. ஒன்று திருச்சபை, மற்றது கட்சி. இரண்டிலும் அதற்கு ஏறக்குறைய ஒரே பொருள்தான்: வீட்டை விட்டு வந்தவர். நாத்திகம் பேசித் திரிந்த காலத்தில் இந்த ஒற்றுமை எனக்கு உறைக்கவில்லை. மிஷனரிகளைப் பற்றி, குறிப்பாக அவர்கள் வீட்டைப் பிரிந்து கழித்த பண்டிகை நாட்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. வாசித்தது அவர்கள் கதை, அகப்பட்டது நான்.

எங்கள் ஊர் பரமத்தி வேலூர். காவிரிக்கரை, வெற்றிலைக் கொடிக்கால், வாழை. ஆடி ஒண்ணாந்தேதி தேங்காய் சுடுவோம். தேங்காயின் கண்ணில் துளையிட்டு, பச்சைப்பயறும் வெல்லமும் எள்ளும் அடைத்து, அழிஞ்சிக் குச்சியில் செருகி நெருப்பில் வாட்டுவது. ஆடிப் பதினெட்டுக்கு ஆறு. பண்டிகை என்று நாங்கள் சொல்வதில்லை, நோம்பி என்போம்.

22 வயதில் ஓர் அமைப்பின் முழுநேர ஊழியனாக வேறு மாவட்டத்துக்குப் போனேன். அந்த ஆடிக்கு ஊருக்குப் போகவில்லை. அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டேன். “இங்க ஜனங்க சாப்பாட்டுக்கே வழியில்லாம இருக்காங்க. இவங்க மத்தியில இருந்துக்கிட்டு எனக்கு நோம்பி எதுக்கு?” அந்த வரியை எழுதியபோது ஏறிய பெருமிதம் இன்னும் நினைவிருக்கிறது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா படித்துக் காட்டியிருக்கிறார். “நோம்பி வேண்டாம்னா போகுது, வயித்துக்கு என்ன பண்றானாம்?” என்று மட்டும் அம்மா கேட்டதாகப் பிறகு தெரிந்தது.

2

சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9. மறுநாள் அவருக்கு 24 வயது நிறைந்தது. 1708-இன் கிறிஸ்துமஸைச் சிறையில் கழித்தார். அடைத்தவர்கள் ‘அஞ்ஞானிகள்’ அல்லர். கிறித்தவரான டேனிஷ் தளபதிதான். காலனிய வணிகமும் மிஷனும் எப்போதும் ஒரே கை என்று நாம் எழுதிவந்த எளிய சூத்திரம் இங்கேயே இடறுகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களும் அறிக்கைகளும் 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறின. மிஷனுக்குப் பணம் தருகிறவர்களும் ஜெபிக்கிறவர்களும் அவற்றை வாசித்தார்கள். ஆக, மிஷனரி ஊருக்கு எழுதும் கடிதம் முழுக்கத் தனிக்கடிதம் அல்ல. அதில் வரும் தனிமை, காய்ச்சல், வீட்டு நினைப்பு எல்லாம் ஒரு பொதுக் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. ஏக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. மெய்யான ஏக்கத்துக்கும் ஒரு செலாவணி உண்டு என்கிறேன்.

அதே ஹாலேயில் 1714-லும் 1717-லும் இன்னொரு வகைக் கடிதங்களும் வெளிவந்தன. மிஷனரிகளின் கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய பதில்கள் அவை, ஜெர்மன் மொழிபெயர்ப்பில். எழுதியவர்களின் பெயர் அச்சில் இல்லை. காரணம் பாதுகாப்பாகவும் இருக்கலாம். ஆனால் விளைவைப் பாருங்கள்: வீட்டை நினைத்து ஏங்குகிறவருக்குப் பெயர் இருக்கிறது; இந்தத் தெருவில் குடியிருந்து பதில் சொல்கிறவருக்கு இல்லை.

3

எங்கள் ஊரிலிருந்து நாமக்கல் வழியாகப் போனால் கொல்லிமலை. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட் 1907-இல் இந்தியா வந்தவர். 1913-இல் எவலினை மணந்துகொண்டு அந்த மலையில் குடியேறினார். மலேரியாவுக்குப் பேர்போன மலை. நரம்புச் சிலந்திப் புழுவை உடம்பிலிருந்து இழுத்தெடுத்தது முதல் பள்ளிக்கூடம், தச்சுத்தொழில் வரை அவர்கள் செய்த வேலையை யாரும் மறுக்க முடியாது. அரசாங்கம் எட்டிப் பார்க்காத இடம் அது.

1914-இல் அங்கே பிறந்தவர்தான் பால் பிராண்ட். பின்னாளில் வேலூர் (எங்கள் வேலூர் அல்ல, வடாற்காட்டு வேலூர்) கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை செய்து சீராக்கியவர். 1923-இல் அவரையும் தங்கை கோனியையும் படிக்க இங்கிலாந்தில் விட்டார்கள். 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். சாவுச் செய்தி முந்திக்கொண்டது. கப்பலில் வந்துகொண்டிருந்த அப்பாவின் கடிதங்கள் அதற்குப் பிறகும் மகனுக்கு வந்து சேர்ந்தன.

மிஷனரி கதையாடலில் ‘வீடு’ என்றால் ஐரோப்பா, ‘வெளி’ என்றால் நாம். இந்தப் பையனிடம் அது தலைகீழாகிறது. அவனுக்கு மலைதான் வீடு, லண்டன்தான் பரதேசம். எவலினுக்கும் கடைசியில் அப்படித்தான் ஆயிற்று. மிஷன் ஓய்வு கொடுத்தும் மலையை விடாமல் கிடந்து 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார்.

ஆனால் இந்தக் குடும்பக் கதைக்குள் இன்னொரு குழந்தை இருக்கிறது. பிராண்ட் தம்பதியரைக் கடுமையாக எதிர்த்த மலைப் பூசாரி ஒருவர் காய்ச்சலில் விழுந்தார். எவரும் கிட்டப் போகாதபோது இவர்கள்தான் போனார்கள். சாகும் தறுவாயில் அவர் தம் பெண்குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார். குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்தார்கள். விவிலியத்தின் ரூத், மாமியாரைப் பின்தொடர்ந்து தன் ஜனத்தையும் தன் தெய்வத்தையும் விட்டு வேற்றூர் போனவள். இவளோ மலையைவிட்டு ஓரடி நகராமலே அந்தப் பெயருக்கு உரியவளானாள்.

ஆடிப்பெருக்குக்கு அறப்பளீசுவரர் கோயிலுக்கு ஜனம் திரளும் மலை அது. வளர்ந்தபின் அந்தக் கூட்டத்தைப் பார்த்து அவள் என்ன நினைத்தாள்? சொந்த ஊரில் இருந்துகொண்டே பண்டிகையைப் பிரிந்தவளின் ஏக்கத்தை எந்தக் கப்பல் கொண்டுபோனது? ஏக்கமே இல்லாமலும் இருந்திருக்கலாம். அதையும்தான் யாரும் அவளிடம் கேட்டு எழுதி வைக்கவில்லை என்று தோன்றுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நோம்பி எல்லாருக்கும் நோம்பி அல்ல. தேர் வராத தெருவில் இருப்பவருக்கும் பறையடிக்க மட்டும் கூப்பிடப்பட்டவருக்கும் ஊர்த்திருவிழாவை விட்டு வெளியேறுவது இழப்பல்ல, மூச்சு. கிறிஸ்துமஸ்தான் அவர்களுடைய முதல் சொந்தப் பண்டிகை. ஆக, ஒருவருக்கு இழப்பு, ஒருவருக்கு விடுதலை. பலருக்கு இரண்டும் கலந்தது. மிஷன் அறிக்கையில் இவர்கள் எல்லோருமே ஒரு எண்ணிக்கைதான்.

4

இந்தக் கட்டுரையை யாருக்கு இரவல் தரக்கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்ஸை ஜீப்போடு வைத்துக் கொளுத்தினார்கள். கூடவே 10 வயது பிலிப்பையும் 6 வயது திமோத்தியையும். ஊட்டியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், விடுமுறைக்கு வந்தவர்கள். ‘மதமாற்றம்’ பற்றிய பேச்சு இந்த நாட்டில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த ஜீப் போதும். என் கேள்வி மதம் மாறியவரை ‘திரும்ப வரச்’ சொல்லும் கும்பலின் கேள்வி அல்ல. அந்தக் கும்பலும் அவரைப் பேசவிடாது.

என் கேள்வி நம்மை நோக்கியது. அந்த ஆடியில் நான் எழுதியது ஒரு கடிதமல்ல, இரண்டு. அம்மாவுக்கு எழுதியதில் ஜனங்களுக்குச் சோற்றுக்கே வழியில்லை என்று சொன்னேன். அமைப்புக்கு அனுப்பிய அறிக்கையில், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி இருக்கிற தானியத்தையும் மூடநம்பிக்கையில் கரைக்கிறார்கள் என்று எழுதினேன். இரண்டும் ஒரே வாரம், ஒரே பேனா. முதல் கடிதம் என் தியாகத்தை உயர்த்த அவர்களுக்குப் பண்டிகையே இல்லாமல் செய்தது. இரண்டாவது என் அறிவை உயர்த்த அவர்களுடைய பண்டிகையை இழிவாக்கியது. நடுவில் இருந்த உண்மை இரண்டிலும் இல்லை. அந்தக் கூழை நானும் குடித்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில், கருவாட்டோடு, இரண்டு சொம்பு.

ஊற்றிய அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்குப் போவலியா தம்பி, பெத்தவங்க இல்லியா?” இருக்காங்க என்றேன். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் அரசியல் பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஊழியர்களின் நினைவுக்குறிப்புகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன, சபையிலும் சரி, கட்சியிலும் சரி. வீட்டைத் துறந்த கதைகள். துறக்கப்பட்ட வீட்டின் கதையும், வந்தவருக்குச் சோறு போட்ட வீட்டின் கதையும் எழுதப்பட வேண்டும். அவை இல்லாமல் மிஷனரிகளை விமர்சிக்கும் யோக்கியதை நமக்கு வராது. என் பழைய அறிக்கையின் நகல் இன்னும் கையில் இருக்கிறது. கூட்டத்துக்கு 14 பேர் வந்தார்கள் என்று குறித்திருக்கிறேன். கூழ் ஊற்றியவர் பெயர் அதில் இல்லை.