சுவரில் எழுதிய ஈப்போ

விழாவை மறந்த நகரம் கடலுக்கு இரையாயிற்று என்கிறது மணிமேகலை. மகனைப் பறிகொடுத்த துயரில் சோழ மன்னன் இந்திர விழாவை எடுக்க மறந்தான். அதனால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்பது அக்காப்பியம் கூறும் செய்தி. கடல்கோளுக்கு இதுதான் காரணமா என்று இன்று யாரும் வாதிடப் போவதில்லை. ஆயினும், ஒரு நகரின் உயிருக்கும் அங்கு நிகழும் ஆடல் பாடல்களுக்கும் தொடர்பு உண்டு என்னும் எண்ணம் தமிழருக்குப் புதியதன்று என்பது இதனால் தெளிவாகும்.

இதனினும் கருதத்தக்க செய்தி சிலப்பதிகாரத்தில் உள்ளது. இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் விழாவைப் பாடப் புகுந்த இளங்கோவடிகள் எடுத்த எடுப்பிலேயே கொடியையும் தோரணத்தையும் காட்டிவிடவில்லை. மருவூர்ப்பாக்கத்தில் வாழும் உழைப்பாளிகளை முதலில் எண்ணுகிறார். நெய்வோர், மீன் விற்போர், உப்பு விற்போர், செம்பு செய்வோர், மரம் அறுக்கும் தச்சர், இரும்புக் கொல்லர், தோல் தைப்போர் என அவ்வரிசை நீள்கிறது. ஓவியம் தீட்டும் கண்ணுள் வினைஞரும் அவ்வரிசையில்தான் நிற்கின்றனர். ஓவியன் நகரை வெளியிலிருந்து பார்ப்பவனாக அங்கு இல்லை. கொல்லனுக்கும் தச்சனுக்கும் பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கிறான். விழா யாருடையது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் புலவர் விழாவுக்குள் நுழைகிறார். ஈப்போவின் பழைய நகரில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நிகழ்ந்து வரும் மாற்றத்தை மதிப்பிட இந்த அளவுகோல் போதும்.

கிந்தா ஆற்றின் மேற்குக் கரையில் பழைய நகரமும் கிழக்குக் கரையில் புதிய நகரமுமாக வளர்ந்தது ஈப்போ. ஈயம் அதைச் செல்வச் சீமையாக்கிற்று. சீன முதலாளிகளின் மாளிகைகள், வங்கிகள், 1917இல் கட்டி முடிக்கப்பட்ட ஹப்பக்கின் வெண்ணிற இரயில் நிலையம் ஆகிய அனைத்தும் ஈயப் பணத்தின் சாயல்களே. நகரைச் சுற்றிய நிலங்களில் ரப்பர் நின்றது. ரப்பர் மரத்தடியில் தமிழன் நின்றான். தண்டவாளம் பதித்த கைகளிலும் சாலை போட்ட கைகளிலும் தமிழர் கைகள் மிகுதி. 1985 அக்டோபர் 24ஆம் நாள் இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வாணிகம் நிறுத்தப்பட்டது. விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன. மூன்று ஆண்டுகள் கழித்து, 1988இல், ஈப்போவுக்கு மாநகர் என்னும் தகுதி கிடைத்தது. பட்டம் வந்த வேளையில் பிழைப்பு போயிருந்தது. இளையோர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். பழைய நகரின் கடைவீடுகளில் மேல்மாடிச் சாளரங்கள் மூடியே கிடந்தன. கூரைகளில் செடி முளைத்தது. 2010இல் மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கிய பின், தலைநகரிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் ஈப்போவை அடைய முடிந்தது. போனவர்களின் பிள்ளைகள் வார இறுதிகளில் பார்வையாளர்களாகத் திரும்பி வந்தனர்.

அவர்கள் பார்ப்பதற்கென்று சில இடங்கள் உருவாயின. கொங் ஹெங் என்னும் பழங்கட்டடம் ஒருகாலத்தில் பக்கத்து அரங்கில் நடித்த நாடகக் கலைஞர்கள் தங்கிய விடுதி. அதனை இடித்துத் தள்ளாமல், காரை உதிர்ந்த சுவரையும் வேரோடிய செங்கல்லையும் அப்படியே விட்டு, விடுதியாகவும் கடைகளாகவும் ஆக்கினர். பழமையைச் சுண்ணாம்பு பூசி மறைக்காத அந்த நேர்மை பாராட்டத்தக்கது. 2014இல் லித்துவேனிய நாட்டு ஓவியர் எர்னெஸ்ட் சக்கரேவிச் பழைய நகரின் சுவர்களில் ஓவியங்கள் தீட்டினார். பினாங்கு ஜார்ஜ்டவுனில் 2012இல் மிதிவண்டியில் செல்லும் சிறார்களை வரைந்து புகழ் பெற்றவர் அவர். ஈப்போவில் அவரை வரவழைத்தது ஒரு வெள்ளைக் காப்பி நிறுவனம். பங்ளிமா சந்து என்னும் குறுகிய தெரு, பழங்கதையொன்றின் பெயரால் சின்னவீட்டுச் சந்து என்று அழைக்கப்பட்டு, தின்பண்டக் கடைகளால் நிரம்பியது. 2016இல் உலகப் பயண வழிகாட்டி நூல் நிறுவனம் ஒன்று ஆசியாவில் காணத்தக்க இடங்களின் வரிசையில் ஈப்போவைச் சேர்த்தது. இறந்ததென்று எண்ணிய நகரம் எழுந்து உட்கார்ந்தது என்றால் மிகையன்று.

சக்கரேவிச்சின் ஓவியங்களைக் குறைத்து மதிப்பிடுவது முறையாகாது. காப்பிக் கோப்பையை உதட்டருகே கொண்டு செல்லும் முதியவரின் ஓவியம் ஒரு சுவர் முழுவதையும் நிறைக்கிறது. அம்முகத்துச் சுருக்கங்களும் சுவரின் வெடிப்புகளும் ஒன்றாகிவிடுகின்றன. காகித விமானத்தில் ஏறிச் செல்லும் பிள்ளைகளிடம் ஊரைவிட்டுப் பறந்து போன ஒரு தலைமுறையின் குறிப்பும் இருக்கிறது. ஓவியர் அதை எண்ணி வரைந்தாரா என்பது வேறு. பார்ப்பவர் மனத்தில் அது தோன்றுகிறது. நெகிழிப் பைகளில் கட்டித் தொங்கும் காப்பியைச் சுவரில் கண்டதும் உள்ளூர்க்காரர் சிரித்துவிடுவார். எளிய பொருளில் அழகைக் காணும் கண் அவருக்கு உண்டு.

குறை எங்கே தொடங்குகிறது எனின், அந்த முதியவர் யார் என்னும் கேள்வியில் தொடங்குகிறது. அவர் காப்பி குடிக்கிறார். காப்பி குடிக்கும் முன் அவர் என்ன செய்தார்? ஈயச் சுரங்கத்தில் சேற்றில் நின்றாரா, கணக்கெழுதினாரா, வண்டி இழுத்தாரா? ஓவியம் சொல்வதில்லை. உழைப்பு கழிந்த ஓய்வு மட்டும் சுவரில் இருக்கிறது. ஓவியத்தின் முன் நின்று படம் பிடித்துக்கொள்பவருக்கும் அதற்கு மேல் தேவைப்படுவதில்லை. இனிய பழமையாகத் தோன்றும் வரை மட்டுமே கடந்த காலம் அங்கு அனுமதிக்கப்படுகிறது. காப்பி நிறுவனம் செலவு செய்து வரைவித்த ஓவியங்களில் காப்பி முதலிடம் பெறுவதில் வியப்பில்லை. புரவலன் விரும்புவதைப் பாடுவது பழைய வழக்கந்தான். ஆனால் புறநானூற்றுப் புலவர் பரிசில் வாங்கிய கையோடு மன்னனுக்கு இடித்துரையும் சொன்னார் என்பதை மாணவர்கள் அறிவர். சுவரோவியத்திற்கு அந்த உரிமை இன்னும் வாய்க்கவில்லை.

இதற்கு மாறான முயற்சியும் அதே பழைய நகரில் உண்டு. ஹான் சின் பெட் சூ என்பது 1893இல் லியோங் ஃபீ நிறுவிய ஹக்கா ஈய முதலாளிகளின் மன்றம். 2015இல் அது காட்சியகமாகத் திறக்கப்பட்டது. முதலாளிகளின் பெருமையோடு நில்லாமல், அபினியும் சூதாட்டமும் விலைமகளிர் விடுதியும் இரகசியக் குழுக்களும் அந்த வாழ்வில் பெற்றிருந்த இடத்தை அக்காட்சியகம் மறைக்காமல் காட்டுகிறது. தட்டுகளில் மணலை அரித்து ஈயம் எடுத்த பெண்களும் அங்கே நினைக்கப்படுகிறார்கள். தம் முன்னோரின் வாழ்வைக் கசப்போடு சேர்த்துச் சொல்ல ஒரு சமூகம் துணிந்திருக்கிறது. அத்தகைய காட்சியகம் ஒன்றை ஈப்போத் தமிழர் தமக்கென எழுப்பவில்லை. இந்தக் குறையை ஓவியர் மீதோ காப்பி நிறுவனத்தின் மீதோ ஏற்றுவது எளிது, பொருந்தாது.

தோட்டத்தின் கதை சொல்லப்படாமலே கிடக்கிறதா என்றால், இல்லை. அகிலன் மலேசியாவுக்கு வந்து சென்ற பின் 1977இல் 'பால்மரக்காட்டினிலே' நாவலை வெளியிட்டார். இந்நாட்டு எழுத்தாளர்கள் லயத்தையும் பிரட்டுக் களத்தையும் வெளிக்காட்டையும் சிறுகதைகளில் மீண்டும் மீண்டும் எழுதியுள்ளனர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கச் செய்த வரலாறு ஒரு காப்பியத்திற்கே போதும். இவை யாவும் நூலுக்குள் இருக்கின்றன. நகரத் தெருவில் நடப்பவனின் கண்ணில் படும்படி இல்லை. ஜார்ஜ்டவுன் தெருக்களில் வைத்துள்ள இரும்புக் கம்பிச் சித்திரங்களுள் ஒன்று, தோளில் காவடியாகச் சோற்றுக்கூடை சுமந்து விற்ற கண்டார் வாணிகனைக் காட்டுகிறது. சிறிய செய்திதான், ஆனால் அவன் சுமையோடு நிற்கிறான். அத்துணையும் ஈப்போவில் பால்வெட்டுக்காரனுக்குக் கிடைக்கவில்லை.

ஈப்போவுக்குத் தெற்கே, பத்து காஜாவின் அருகில் இக்கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி சுமித் தம் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் எழுப்பத் தொடங்கிய மாளிகை, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததால் முற்றுப் பெறாமல் நின்றுவிட்டது. அதைக் கட்டச் சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். முதல் உலகப் போரின் முடிவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் அவர்களுள் பலர் மாண்டனர். எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டுமென்று கேட்க, சுமித் கட்டிக் கொடுத்தார். அக்கோயிலின் மேல் தெய்வ உருவங்களுக்கிடையே தொப்பியணிந்த வெள்ளைக்காரர் ஒருவரின் உருவமும் இருக்கிறது; சுமித்தின் உருவம் என்பர். நன்றியறிதலும் நகையுணர்வும் கலந்த அந்தச் சிலையைச் செய்த கை எந்தக் கையோ! சக்கரேவிச்சுக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே பேராக்கில் பொதுவிடத்தில் வைத்த கலைப்பொருள் அது. மாளிகையைக் காணச் சீட்டு வாங்கிச் செல்வோருக்குச் சுரங்கவழிக் கதையும் ஆவிக் கதையும் சுவையாகச் சொல்லப்படுகின்றன. 1999இல் ஆங்கிலத் திரைப்படமொன்றும் அங்கு எடுக்கப்பட்டது. காய்ச்சலில் மாண்டவர்களோ அக்கதைகளின் ஓரத்தில், எண்ணிக்கையாகக்கூட உறுதியின்றி நிற்கின்றனர்.

ஈப்போவைக் களமாகக் கொண்ட கலைகளுள் தமிழனை மனிதனாகவே காட்டிய ஒன்றைக் கூற வேண்டுமாயின், யாஸ்மின் அகமது இயக்கி 2009இல் வெளிவந்த 'டேலண்டைம்' திரைப்படத்தைக் கூறலாம். செவித்திறன் இல்லாத மகேஷ் என்னும் தமிழ் இளைஞன் அதில் ஒரு தலைமகன். அவனுடைய தாய்மாமன் தன் திருமணக் கொண்டாட்டத்தின்போது, பக்கத்து வீட்டு இழவோடு நேர்ந்த மோதலில் உயிரிழக்கிறான். மணவீடும் பிணவீடும் அடுத்தடுத்து நிற்கும் அக்காட்சி தமிழ் மாணவர்க்கு நாலடியாரையும் புறநானூற்றையும் ஒருசேர நினைவூட்டும். தாயின் அழுகை தமிழில் இருக்கிறது. அவளுடைய வெறுப்பும் தமிழில் இருக்கிறது. நல்லவளாக மட்டும் அவள் காட்டப்படவில்லை என்பதுதான் அப்படத்தின் உயர்வு. அவ்வாண்டு ஜூலையில் யாஸ்மின் மறைந்தார். 2014இல் கொங் ஹெங் கட்டடத்திலேயே அவர் நினைவாகக் காட்சியகம் திறக்கப்பட்டது. நாடகக்காரர் தங்கிய இடம் திரைக்கலைஞர் ஒருவருக்கு நினைவிடமானது பொருத்தமே. ஆனால் சுவரோவியத்தைத் தேடி வருவோர் திரளில் அக்காட்சியகத்தின் படியேறுவோர் சிலரே.

இனி, ஈப்போத் தமிழரிடம் உயிரோடு இருக்கும் கலை எது என்று நோக்கினால், தைப்பூசம் முன்னிற்கும். புந்தோங்கிலிருந்து குனோங் சேரோ குகையடிவாரம் வரை அன்று நகரத் தெருக்கள் காவடிக்கும் உறுமிக்கும் உரியவை. எந்த நிறுவனமும் விளம்பரம் செய்யாமல் பல்லாயிரவர் திரளும் விழா அது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் இடம்விட்ட பின், லயத்துக் கோயில்களில் ஆடிய கரகமும் தீமிதியும் பெரும்பாலும் இவ்விழாவில் வந்து ஒதுங்கின. இது வழிபாடு, இதனைப் பயணிகளுக்கான காட்சியாக மாற்றக் கருதுவது தவறு. எனினும் அந்த ஒரு நாள் கூடும் உறுமிக் குழுக்களுக்கு மற்ற நாள்களில் நகரில் ஓர் அரங்கு இல்லை. லாகாட் சாலையின் சேலைக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் தீபாவளிக்கு முன் சில வாரங்கள் விளக்குத் தோரணம் ஒளிரும், பிறகு அணைந்துவிடும். இலங்கை மலையகத்துத் தோட்டத் தமிழர் காமன் கூத்தை விடாது ஆடி வந்ததால், அவர்களின் வரலாறு அந்த ஆட்டத்தின் வழியே பிள்ளைகளுக்குச் சென்றது. பேராக்கில் தோட்ட நாடகங்கள் லயத்தோடு பெயர்ந்து வரவில்லை.

இதற்குத் தீர்வாகப் பால்வெட்டுப் பெண்ணொருத்தியைச் சுவரில் வரைந்துவிடலாம் என்று தோன்றக்கூடும். தலையில் விளக்குக் கட்டி, தோளில் வாளியேந்தி, அழகிய நிறங்களில் அவளும் நின்றுவிட்டால், மறுநாளே அவள் தோளருகே முகம் வைத்துப் படம் எடுத்துக்கொள்வர். காப்பி முதியவருக்கு நேர்ந்ததே அவளுக்கும் நேரும். படம் வரைவதற்கு முன் அவள் பேச்சு கேட்கப்பட்டிருக்க வேண்டும். இருட்டில் எத்தனை மணிக்கு எழுந்தாள், ஒட்டுப்பால் நாற்றம் எத்தனை குளிப்பில் போயிற்று, மழை பெய்து வெட்டு நின்ற நாளில் அடுப்பு எரிந்ததா, தோட்டம் விற்கப்பட்டபோது கையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்பவை அவளிடம் மட்டும் உள்ள செய்திகள். அப்படிப்பட்ட பெண்கள் புந்தோங்கிலும் சிலிபினிலும் அடுக்குமாடி வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கின்றனர். பேரப்பிள்ளைகள் பயிலும் தமிழ்ப்பள்ளிகளுள் சில, தோட்டத்திலிருந்து பெயர்ந்து நகருக்கு வந்தவையே. அப்பள்ளிகளின் ஆண்டு விழா மேடையில் திரைப்பாடலுக்கு ஆடுவதற்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு கால்மணி நேரம் அந்தப் பாட்டியின் பேச்சுக்கு ஒதுக்கப்பட்டு, மாணவர் கையால் அது எழுதப்பட்டு, பின்னர் நாடகமாகிப் பழைய நகரின் ஏதேனுமொரு கூடத்தில் நடிக்கப்பட்டால், பார்க்க வருபவர் முதலில் நூறு பேர்கூட இருக்கமாட்டார்கள். கொங் ஹெங் விடுதியில் தங்கியிருந்த நடிகர்களுக்கும் எல்லா இரவும் அரங்கு நிறைந்திருக்காது.

சக்கரேவிச்சின் ஓவியங்களுள் சில வெயிலிலும் மழையிலும் மங்கிவிட்டன. அவற்றைப் புதுப்பிக்க வேண்டுமா, அப்படியே விடலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சுண்ணாம்புச் சுவரில் தீட்டிய நிறம் மங்குவது இயல்பு. புந்தோங் பாட்டிமாருக்கு இன்று எண்பதுக்கு மேல் வயது.