ஃபியூயல் மீட்டர் முள் எழவில்லையா? மஞ்சள் மல்டிமீட்டரை எடுங்கள்

டேங்குக்குப் பெயின்ட் அடித்து வந்த வண்டியில் ஃபியூயல் மீட்டர் வேலை செய்யாமல் போவது அடிக்கடி காதில் விழும் புகார். என் பழைய கார்புரேட்டர் ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. பெயின்ட் வேலை அருமை. ஆனால் டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் முள் காலிக் கோட்டைவிட்டு அசையவில்லை. "மீட்டர் போயிடுச்சு சார், புது செட் போட்டுடலாம்" என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வேலை நடந்தது டேங்கில். முன்னால் இருக்கும் மீட்டரை யாரும் தொடவே இல்லை. கை பட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

தேடுவதற்கு நான் எடுத்தது டிடி-830டி என்ற மஞ்சள் மல்டிமீட்டர். சென்னை ரிச்சி தெருவில் 300 ரூபாய்க்குள் கிடைக்கும். இந்த வேலைக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இதிலுள்ள 200 ஓம் அளவே போதும். டேங்குக்குள் இருக்கும் டேங்க் யூனிட்டில் ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பி, கம்பியின் மறுமுனை உரசிச் செல்லும் மின்தடைச் சுருள், அவ்வளவுதான். பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், தடை குறையும். ஹோண்டா வழி வந்த பல வண்டிகளில் டேங்க் நிறைந்திருந்தால் சுமார் 10 ஓமுக்குள், காலியானால் 100 ஓம் பக்கத்தில் காட்டும். மாடலுக்கு மாடல் இது மாறும். சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

முதல் சோதனை மீட்டருக்கு. வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, டேங்க் மூடியை இறுக்கிவிட்டு, டேங்கிலிருந்து வரும் கப்ளரைப் பிரித்தேன். சாவியை ஆன் செய்து, வயரிங் பக்கமுள்ள இரண்டு முனைகளையும் ஒரு சின்னக் கம்பியால் சில விநாடி இணைத்துப் பிடித்தேன். முள் மெல்ல எழுந்து ஃபுல் வரை போனது. மீட்டரும் வயரிங்கும் நல்ல நிலையில் இருக்கின்றன என்பது அங்கேயே உறுதியாகிவிட்டது. புது மீட்டர் செட்டின் செலவு மிச்சம். இந்தச் சோதனை முள் வைத்த பழைய மீட்டர்களுக்கு மட்டும்தான். டிஜிட்டல் மீட்டர் உள்ள வண்டியில் மேனுவலைப் பார்க்காமல் இப்படிச் செய்யாதீர்கள்.

அடுத்து சாவியை ஆஃப் செய்துவிட்டு, டேங்க் பக்கமுள்ள முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன். திரையின் இடது ஓரத்தில் வெறும் '1' நின்றது. சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பெட்ரோலை வடித்துவிட்டு யூனிட்டைக் கழற்றிப் பார்த்தால், தலைமுடி போன்ற சுருள் கம்பி அரித்து அறுந்து கிடந்தது. பெயின்டுக்கு முன் டேங்குக்குள் இருந்த துருவை எடுக்க ஆசிட் வாஷ் செய்தவர்கள் யூனிட்டை உள்ளேயே விட்டிருக்கிறார்கள். டேங்கைக் காப்பாற்றச் செய்த வேலை, உள்ளே இருந்த பாகத்தைத் தின்றுவிட்டது. வருத்தமாகத்தான் இருந்தது, ஏனென்றால் யூனிட்டைக் கழற்ற ஒரு ஸ்பானரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

எல்லா வண்டியிலும் இதே கோளாறாக இருக்காது. கப்ளரை மாட்டாமலே விட்டிருக்கலாம். திரும்பப் பொருத்தும்போது மிதவைக் கம்பி வளைந்து டேங்க் சுவரில் இடிக்கலாம். அப்போது முள் பாதியில் நின்றுவிடும். யூனிட்டின் உடல் வழியாகவே எர்த் எடுக்கும் மாடல்களில், புதுப் பெயின்ட் நடுவில் புகுந்து எர்த்தைத் தடுக்கும்.

புது யூனிட் வாங்கும்போது உங்கள் மாடலுக்குரியதையே கேட்டு வாங்குங்கள். துளைகள் பொருந்துகின்றன என்பதற்காக வேறொன்றை மாட்டினால் தடை அளவு மாறி முள் பொய் சொல்லும். பொருத்துவதற்கு முன் மிதவையைக் கையால் கீழிருந்து மேலே நகர்த்தி அளந்தேன். எண் நடுவில் தாவாமல் சீராக இறங்கியது. கேஸ்கட் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். பெட்ரோலில் ஊறிய பழையது மறுபடி சரியாக உட்காராது. சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோலில் நிற்காது, அதைத் தடவ விடாதீர்கள்.

மல்டிமீட்டரில் குறை இல்லாமல் இல்லை. உடன் வரும் வயர்கள் மட்டமானவை. அவற்றின் தடையும் அளவில் சேர்ந்துவிடும். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் தவறான அளவு காட்டும். இவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் தயங்காமல் வாங்கலாம்.

கடைசியாக, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, வடித்த பெட்ரோலை லிட்டர் லிட்டராக ஊற்றி முள்ளைக் கவனித்தேன். டேங்கின் வடிவம் மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி என்பதால் முள் பாதியில் நிற்பதும் பெட்ரோல் பாதி இருப்பதும் ஒன்றல்ல. உங்கள் வண்டியின் கணக்கை ஒருமுறை இப்படிப் பார்த்து வைப்பது நல்லது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் டேங்குக்குள் இருக்கும் பம்ப்புக்குப் பெட்ரோல்தான் குளிர்ச்சி தருகிறது. டேங்கை அடிக்கடி வற்றவிட்டால் பம்ப் கெடும். அந்த வண்டிகளில் மீட்டர் சரியாக இருப்பது இன்னும் முக்கியம்.

டேங்கைப் பெயின்டுக்கோ ஆசிட் வாஷுக்கோ கொடுக்கிறீர்களா? டேங்க் யூனிட்டைக் கழற்றச் சொல்லி, கையில் வாங்கிக்கொண்டு பிறகு டேங்கைக் கொடுங்கள்.