ஸெல்டனின் நாற்காலி

ஐசக் அஸிமோவின் ஃபவுண்டேஷன் வரிசையைப் பற்றி வாசகர்கள் அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்து எண்பது வருஷங்களுக்கு மேல் ஆகிறது. முதல் கதை 1942 மே மாத அஸ்டவுண்டிங் பத்திரிகையில் வந்தது. அந்தப் பத்திரிகையில் வாசகர் கடிதங்களுக்கென்று தனிப் பகுதி இருந்தது. அது போதாதென்று, ஒவ்வொரு இதழின் கதைகளையும் வாசகர்களின் விருப்பப்படி முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்திப் போடும் இன்னொரு பகுதி. 1966-ல் உலக விஞ்ஞானக் கதை மாநாட்டில் ஓட்டெடுத்து, எல்லாக் காலத்துக்கும் சிறந்த தொடர் என்று இதற்கு ஹ்யூகோ விருது கொடுத்தார்கள். போட்டியில் டோல்கீன் இருந்தார். அவருக்குத்தான் போகும் என்று அஸிமோவே நினைத்திருந்தார். ஓட்டு எண்ணிக்கை விமர்சனம் ஆகாது என்று இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அபிப்பிராயங்களைக் கூளம் என்று ஒதுக்கிவிடுகிற மேட்டிமையும் எனக்குச் சம்மதமில்லை. ஒரு படைப்பு வாசகனை எங்கே உட்கார வைக்கிறது என்பதை, அவன் தன்னை அறியாமல் தன் அபிப்பிராயத்தில் காட்டிக்கொடுத்துவிடுகிறான்.

இந்த வரிசையைப் பொறுத்தவரை புகார்கள் மூன்றுதான். பாத்திரங்களுக்கு உயிர் இல்லை, அட்டையில் வெட்டியவர்கள். இரண்டாவது, ஒன்றுமே நடப்பதில்லை, அறைக்குள் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தபடி பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மூன்றாவது, பெண்களே இல்லை. புகழ்ச்சி ஒன்றே ஒன்று: எவ்வளவு பெரிய எண்ணம்! புகழ்கிறவர்கள் புகார்களை மறுப்பதில்லை. எண்ணத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். புகார் சொல்கிறவர்களும் எண்ணம் பெரிதுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். இரண்டு கட்சியும், உள்ளடக்கம் ஒரு பாத்திரத்தில் ஊற்றிவைத்த தண்ணீர், பாத்திரம் மட்டும் நசுங்கிப்போயிற்று என்கிற மாதிரிப் பேசுகின்றன. நசுங்கல்தான் எண்ணம் என்பது என் கட்சி.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. பன்னிரண்டாயிரம் வருஷங்களாக நிற்கிற ஒரு அண்ட ஸாம்ராஜ்யம், இரண்டரைக் கோடி உலகங்கள். தலைநகர் ட்ரான்டர் கிரகம் முழுவதும் உலோகம் போர்த்திய ஒரே நகரம். ஹாரி ஸெல்டன் என்ற கணித மேதை ஸைக்கோஹிஸ்டரி என்றொரு சாஸ்திரத்தை உண்டாக்குகிறான். வாயுவின் ஒரு மூலக்கூறு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது, மொத்த வாயுவின் அழுத்தத்தைச் சொல்லிவிடலாம். அதைப்போல ஒரு மனிதனைச் சொல்ல முடியாது, ஜனத்திரளைச் சொல்லிவிடலாம். (எழுதியபோது அஸிமோவ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரஸாயன மாணவர். கிப்பனின் ரோமச் சரித்திரம் மனதில் இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.) ஸாம்ராஜ்யம் விழும், பின்னால் முப்பதாயிரம் வருஷ இருட்டு என்று ஸெல்டனின் கணக்கு சொல்கிறது. இருட்டை ஆயிரம் வருஷமாகக் குறுக்க, அண்டத்தின் ஓரத்தில் டெர்மினஸ் என்ற வறண்ட கிரகத்தில் ஒரு ஸ்தாபனத்தை வைக்கிறான். கலைக்களஞ்சியம் தயாரிக்க வந்திருக்கிறோம் என்று அங்கே போனவர்கள் ஐம்பது வருஷம் நம்புகிறார்கள். பிறகு ஒரு நாள், காலப்பெட்டகம் என்கிற அறையில், செத்துப்போன ஸெல்டனின் பிம்பம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தோன்றி, களஞ்சியம் ஒரு சாக்கு என்று சொல்லிவிட்டு மறைகிறது.

சாஸ்திரத்துக்கு இரண்டு நிபந்தனை. கூட்டம் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். தன்னைப் பற்றிய கணிப்பு அந்தக் கூட்டத்துக்குத் தெரியக்கூடாது.

ஸ்பேஸ் ஆபெரா என்ற பெயரை 1941-ல் வில்ஸன் டக்கர் வசவாகத்தான் உண்டாக்கினார், சலித்துப்போன ராக்கெட் கதைகளைக் குறித்து. ஃபவுண்டேஷன் அடுத்த வருஷமே வந்தது. ஸாம்ராஜ்யம், கப்பற்படை, கிரகாந்தர யுத்தம் என்று ஆபெராவின் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் இதில் உண்டு. ஆனால் யுத்தம் வேறெங்கோ நடக்கிறது. அறைக்குள் இருப்பவர்களுக்குச் சேதி வருகிறது. இதைச் சிக்கனம் என்றோ, இளம் எழுத்தாளனின் இயலாமை என்றோ சொல்லலாம். 1945-ல் வெளிவந்து பின்பு 'தளபதி' என்ற தலைப்பில் இரண்டாம் தொகுதியில் சேர்ந்த கதையைப் படித்தபிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

பெல் ரியோஸ் ஸாம்ராஜ்யத்தின் கடைசித் திறமைசாலித் தளபதி. ஜஸ்டினியனின் பெலிஸாரியஸை நினைத்துச் செய்த உருவம். அவன் ஃபவுண்டேஷனை நெருக்குகிறான், வெற்றி கைக்கெட்டும் தூரம். அவனைத் தடுக்க ஒரு வியாபாரியும் ஒரு கிழவரும் உயிரைப் பணயம் வைத்துச் சக்கரவர்த்தியைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். லஞ்சம் கொடுக்கிறார்கள், மாட்டிக்கொள்கிறார்கள், தப்புகிறார்கள். சக்கரவர்த்தியைப் பார்க்கவே முடிவதில்லை. அதற்குள் ரியோஸ் திரும்ப அழைக்கப்பட்டுக் கைதாகிவிட்டான். வலுவற்ற அரசனின் கீழ் ஒரு தளபதி படையெடுக்க முடியாது, வலுவான அரசன் வலுவான தளபதியை விட்டுவைக்க மாட்டான். இந்த ஸ்திதியே ரியோஸை முடித்துவிட்டது. இரண்டு பேரின் சாகஸத்துக்கும் இதில் ஒரு இம்மி பங்கு கிடையாது. ஆபெராவுக்கு வேண்டிய ஓட்டமும் துரத்தலும் எல்லாம் நடந்து, கணக்கில் பூஜ்யமாகக் கழிகின்றன.

ஒன்றுமே நடப்பதில்லை என்று இந்தக் கதையைச் சொல்லலாம். ஆனால் நடப்பது எதுவும் பொருட்டில்லை என்று கதை சொல்கிறபோது, அதையே அதன் குறையாகத் திருப்பிச் சொல்வது என்ன விமர்சனம்? முதல் நிபந்தனை செல்லுபடியாகிற உலகத்தில் மனிதர்கள் மெலிந்துதான் இருக்க முடியும். அவர்களை ரத்தமும் சதையுமாக எழுதியிருந்தால் சாஸ்திரம் பொய்யாகியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், எழுதியவரே புகார்க்காரர்களின் பக்கம் போய்விட்டார். முப்பது வருஷங்களுக்குப் பிறகு, நாலாவது நாவல் எழுதுவதற்காகப் பழைய மூன்றையும் திருப்பிப் படித்தவர், ஏதாவது நடக்கும் நடக்கும் என்று காத்திருந்து ஏமாந்ததாகவும், எல்லாம் பேச்சாகவே இருந்ததாகவும் எழுதினார். அஸிமோவ் நல்ல விமர்சகர் அல்ல, தன் விஷயத்தில்கூட.

இனி புகழ்கிறவர்கள். பால் க்ரூக்மன், 2008-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர், பதின்வயதில் இந்த நாவல்களைப் படித்து ஸைக்கோஹிஸ்டரி நிபுணனாக ஆசைப்பட்டதாகவும், அது இல்லாததால் பொருளாதாரத்துக்குப் போனதாகவும் சொல்லியிருக்கிறார். அரசியலில் அவருக்கு நேர் எதிர்ப்புறத்தில் இருக்கும் நியூட் கிங்ரிச்சும் தன்னை உருவாக்கிய புத்தகங்களில் இதைச் சொல்கிறார். ஒரே நூல் இருவருக்கும் ஒத்துப்போவதை அதன் விசாலம் என்று மெச்சலாம். எனக்குத் தோன்றுவது வேறு. இருவரும் உட்கார்ந்திருப்பது ஒரே நாற்காலியில், ஸெல்டனின் சக்கர நாற்காலியில். இந்த நாவல்களைப் படித்துவிட்டு, அந்த இரண்டரைக் கோடி உலகங்களில் ஏதோ ஒன்றில் எண்ணப்பட்டுக்கொண்டிருப்பவன் நான் என்று சொன்ன வாசகனை நான் இதுவரை படித்ததில்லை. எல்லோரும் எண்ணுகிறவர்கள். தனக்குத் தெரியும், மற்ற கூட்டத்துக்குத் தெரியாது என்கிற சுகம்தான் வாசகனுக்கு இந்த வரிசை கொடுக்கிற லஞ்சம். இரண்டாவது நிபந்தனையிலிருந்து அவனுக்கு மட்டும் விலக்கு. சார்ல்ஸ் எல்கின்ஸ் 1976-ல் எழுதிய கட்டுரையில், ஸைக்கோஹிஸ்டரி என்பது கொச்சையாக்கப்பட்ட மார்க்ஸியம், மனிதர்கள் சரித்திரத்தைச் செய்வதற்குப் பதில் சரித்திரம் விதியாக அவர்கள் மேல் இறங்குகிறது என்றார். சரிதான். ஆனால் அவரும் மேலேயிருந்துதான் பேசுகிறார். நாவலில் மக்கள் இல்லை என்று கண்டவர், வாசகன் எங்கே இருக்கிறான் என்று பார்க்கவில்லை.

நான் வங்கியில் கவுண்ட்டரில் உட்காருகிறவன். வைக்கப்படும் நகைகளில் நூற்றுக்கு எத்தனை மீட்கப்படாமல் ஏலத்துக்குப் போகும், எவ்வளவு வாராக்கடனாகும் என்பதற்கு மேலே யாரோ கணக்குப் போடுகிறார்கள். கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. எந்த வளையல் என்பது மட்டும் அதில் கிடையாது. அதைக் கழற்றி எடைத்தட்டில் வைக்கிறவளின் முகத்தைப் பார்த்தால் சில சமயம் எனக்குத் தெரிந்துவிடும், அவளுக்கும் தெரியும். நான் எண்ணுகிறவனும் அல்ல, முழுக்க எண்ணப்படுகிறவனும் அல்ல (என் சம்பளக் கடனையும் யாரோ எங்கோ நூற்றில் ஒன்றாகப் போட்டிருப்பார்கள்). இதை என் தகுதியாகச் சொல்லவில்லை. ரியோஸின் கதையில் அந்த வியாபாரியும் கிழவரும் தாங்கள் ஒன்றும் செய்திருக்கவில்லை என்று அறிகிற பக்கம் என்னை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்பதற்குக் காரணமாகச் சொல்கிறேன்.

சாஸ்திரத்தை உடைக்கச் சொன்னவர் அஸிமோவ் அல்ல, பத்திரிகை ஆசிரியர் ஜான் காம்ப்பெல். திட்டம் எப்போதும் ஜெயித்துக்கொண்டிருந்தால் பத்திரிகைக்கு ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அஸிமோவுக்கு விருப்பமில்லை. வற்புறுத்தலில் வந்ததுதான் 1945 நவம்பர், டிஸம்பர் இதழ்களில் வந்த 'ம்யூல்'. பிறர் மனதின் உணர்ச்சிகளைத் திருத்தி எழுதும் சக்தியுள்ள ஒரு பிறவி, கோவேறு கழுதையைப்போல மலடு, எந்தக் கணக்கிலும் வராதவன். காலப்பெட்டகத்தில் ஸெல்டன் தோன்றுகிறான். ம்யூலின் கப்பல்கள் தலைக்கு மேல் வந்துவிட்டன. பிம்பமோ, நடக்காமல் போன ஒரு உள்நாட்டுச் சண்டையைப் பற்றி நிதானமாக விளக்கிக்கொண்டிருக்கிறது. கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகம் வெளுக்கிறது. வரிசை முழுவதிலும் பெரிய காட்சி இதுதான். வாசகனின் நாற்காலி அவனுக்கடியில் நழுவுகிற ஒரே இடமும் இதுதான்.

அந்தக் கதையில்தான் முதன்முதலாக ஒரு பெண் வருகிறாள். அஸிமோவ் எழுத்தாளராவதற்கு முன்னால் அதே அஸ்டவுண்டிங்கிற்குக் கடிதம் எழுதுகிற வாசகராக இருந்தார். விஞ்ஞானக் கதைகளில் பெண்களும் காதலும் வேண்டாம் என்று 1938 வாக்கில் வாதாடியவர்களில் அவரும் ஒருவர். முதல் தொகுதியில் அந்த வாலிப அபிப்பிராயம் அப்படியே அமலாகியிருக்கிறது. ஒரு சண்டைக்கார மனைவி சில பக்கம் வந்து போவதோடு சரி. பேய்ட்டா டாரெல் வேறு ரகம். கோமாளி வேஷத்தில் கூடவே திரிகிறவன்தான் ம்யூல் என்று தெரியாமலே அவன் மேல் அவள் பிரியம் வைக்கிறாள். யாரும் தன்னை இயல்பாக நேசித்தறியாத அவன், அந்த ஒரு பிரியத்தைத் திருத்தாமல் விட்டுவைக்கிறான். திருத்தப்படாத மனது என்பதால்தான் அவளுக்கு விஷயம் புரிகிறது. இரண்டாவது ஃபவுண்டேஷன் இருக்கும் இடத்தைச் சொல்ல வாயெடுக்கிற கிழ விஞ்ஞானியை, தன் நண்பரை, அந்த நொடியில் சுட்டுக் கொல்கிறாள். ம்யூல் தோற்கிறான். ரியோஸின் கதைக்கு இது நேர் மறுதலை. அங்கே மனிதர்கள் செய்த எல்லாம் பூஜ்யம், இங்கே ஒருத்தி ஒருவனிடம் காட்டிய சாதாரணப் பரிவு அண்டத்தின் கணக்கை மாற்றுகிறது. இரண்டும் 1952-ல் ஒரே தொகுதியாக, முன்பாதி பின்பாதியாக, அச்சாயின. இந்த முரண் அஸிமோவ் யோசித்துச் செய்தது என்று நான் நம்பவில்லை. ஆனால் புத்தகத்தில் இருக்கிறது.

அதற்குப்பின் இறக்கம்தான். இரண்டாவது ஃபவுண்டேஷன் என்ற மனோசக்தி மறைகுழு திரைக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறது என்று ஆனதும், கணிதம் போய்க் காவல்துறை வந்துவிட்டது. 1950-ல் அஸிமோவ் சலித்து நிறுத்தினார். ஒவ்வொரு கதையிலும் முன்கதையைச் சொல்லவேண்டிய பாரம் அவருக்கு அலுத்துவிட்டது. கடைசிக் கதையில் பதினாலு வயதுப் பெண்ணின் பள்ளிக்கூடக் கட்டுரையாக முன்கதையை நுழைத்த சாமர்த்தியத்திலேயே அலுப்பு தெரிகிறது. வாசகர்கள் முப்பது வருஷம் விடவில்லை, பதிப்பகமும் விடவில்லை. 1982-ல் 'ஃபவுண்டேஷனின் விளிம்பு' வந்தது, அமெரிக்காவில் அதிகம் விற்கும் நூல்களின் பட்டியலில் ஏறியது, ஹ்யூகோவும் வாங்கியது. 1986-ல் அடுத்தது. இவற்றில் நிறைய நடக்கிறது, பெண்கள் இருக்கிறார்கள், கப்பலில் ஊர் ஊராகப் போகிறார்கள். மூன்று புகாருக்கும் பரிகாரம் செய்தாயிற்று. கூடவே தன் ரோபோக் கதைகளையும் இதோடு இணைத்து, இருபதாயிரம் வருஷமாக எல்லாவற்றையும் நடத்திவந்தது ஒரு ரோபோ என்று முடிச்சும் போட்டார். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற இந்த நாவல்களில் எனக்கு ஒரு பக்கம்கூட நினைவில் நிற்கவில்லை. 2021-ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் பாத்திரங்களைப் பெண்களாக மாற்றியதற்குக் கோபப்பட்ட வாசகர்களையும், அதற்காகவே மெச்சியவர்களையும் பற்றிப் பேச எனக்கு உற்சாகமில்லை.

ஸெல்டனின் ஆயிரம் வருஷம் பாதியிலேயே நிற்கிறது. 1986 நாவல் ஐந்நூறாவது வருஷத்தையொட்டி நிற்க, மேலே எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல் அஸிமோவ் பின்னால் திரும்பி ஸெல்டனின் இளமைக்காலத்தை எழுதப் போய்விட்டார். 1992-ல் இறந்தார். மிச்ச ஐந்நூறு வருஷத்தை யாராவது எழுதியிருக்கலாகாதா என்பது இன்னும் அடிக்கடி கேட்கிற அபிப்பிராயம். எனக்கு அந்த ஆசை இல்லை. புதிதாகப் படிக்க நினைக்கிற நண்பர்களுக்கு ஒரு யோசனை: முதல் தொகுதியில் ஆரம்பித்துச் சலித்து மூடிவிட வேண்டாம். இரண்டாவது தொகுதியை எடுத்து, 'தளபதி'யையும் 'ம்யூல்' கதையையும் நடுவில் ஒரு நாள்கூட விடாமல் படியுங்கள்.