47 என்ற எண்ணும் ஒரு அலைடு மேத்ஸ் பேப்பரும்

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்திய சராசரி 28.4. பெருமைதான், எனக்கும் உண்டு. ஆனால் இந்த எண் என்ன சொல்லுது? படித்துக்கொண்டிருப்பவர்களை, வயது பார்க்காமல் எண்ணி, 18-23 வயது மக்கள்தொகையால் வகுத்தால் வருவது. யார் உள்ளே போனார்கள் என்று தெரியும். டிகிரியோடு வெளியே வந்தது யார்?

தேர்ச்சி பெற்றவர்கள் எண்ணிக்கையும் அதே அறிக்கையில் இருக்கே என்பீர்கள். இருக்கு. ஆனால் அது அந்த வருஷத்துத் தலைக்கணக்கு. ஒரே மாணவரை முதல் வருஷத்திலிருந்து கடைசி வரை பின்தொடர்ந்து எடுத்ததல்ல.

இங்கேதான் நம்ம அரியர் விளையாடுது. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பக்கத்துத் தெருப் பையன் பி.எஸ்சி. இயற்பியல். முதல் வருஷமே அலைடு மேத்ஸ் போச்சு. நம்ம கலை அறிவியல் கல்லூரிகளில் அரியர் இருந்தாலும் பெரும்பாலும் அடுத்த வருஷம் போய்விடலாம். மூன்று வருஷமும் உட்கார்ந்தான், மூன்று வருஷச் சேர்க்கையிலும் அவன் தலை ஏறியது. இப்போது சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. படிப்பவர் கணக்கில் இல்லை, முடித்தவர் கணக்கிலும் இல்லை. பரீட்சை ஃபீஸ் கட்டும் நவம்பரிலும் ஏப்ரலிலும் மட்டும் பல்கலைக்கழகத்துக்கு அவன் உயிரோடு இருப்பது தெரியும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பழைய மதிப்பெண்களைக் கிளறியபோது வந்ததும் கிட்டத்தட்ட இதேதான்: நர்சிங் மாணவர்கள் முடிப்பார்களா என்பதை ஆரம்பக் கணிதப் பேப்பரே முன்கூட்டிக் காட்டியது. அங்கே பட்டம் முடிப்போர் 2003-இல் 32 சதவீதம், பிறகு 54 வரை ஏறியது. எல்லாரும் கம்ப்யூட்டரைப் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ, எச்சரிக்கை வந்ததும் கூப்பிட்டுப் பேசக் கூடுதலாக ஆள் போட்டதும், கொஞ்சம் ஃபீஸ் பாக்கிக்காகப் பெயர் அடிபட இருந்தவர்களுக்குச் சிறு தொகை கொடுத்ததும்தான் பெரிய விஷயம் என்று படுகிறது.

நம்மிடம் கருவி இல்லாமல் இல்லை. கல்லூரி மாணவர்களுக்கு யூமிஸ் எண் வந்துவிட்டது. புதுமைப்பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் போகிறது. பணம் நின்ற மாதத்தைப் பார்த்தாலே எங்கே விட்டார்கள் என்று ஓரளவு தெரியும் (பேங்க் குளறுபடியைக் கழித்துக்கொள்ளுங்கள்). ஆனால் இதையெல்லாம் தகுதி பார்க்க மட்டுமே வைத்திருந்தால் என்ன பயன்?

ஒன்று மட்டும் எண்ணில் சிக்காது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி பொறுக்கும் சீசனும் ஏப்ரல்-மே பரீட்சையும் ஒரே நேரம். தோப்புக்குப் போனதால் பேப்பர் போச்சு என்று எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது, ரிசல்ட்டில் வெறும் 'ஆப்சென்ட்' என்றுதான் விழும். ஊரையும் மாதத்தையும் பக்கத்தில் வைத்து யாராவது பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ரிசல்ட் எல்லாம் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறது.