எழுத்துக்கும் குரல் உண்டு

மின்மாற்றியின் வேலியில் "அபாயம்! தொடாதே!" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தடித்து, விறைத்து நிற்கும் எழுத்துகள். அதே சொற்களை, குழந்தையின் பிறந்தநாள் அழைப்பிதழில் வருவது போன்ற துள்ளும் எழுத்தில் எழுதி அங்கே மாட்டினால் என்ன ஆகும்? சொற்கள் மாறவில்லை, ஆனாலும் பயம் போய்விடும். சொல்லின் பொருளோடு எழுத்தின் வடிவமும் சேர்ந்தே நம்மிடம் பேசுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

ஒரே அமைப்பில் வரையப்பட்ட எழுத்துகள், எண்கள், குறிகள் ஆகியவற்றின் தொகுதியை எழுத்துரு என்கிறோம். பேனாவால் இயல்பாக எழுதியது போன்ற தோற்றமுடைய எழுத்துருக்கள் அவற்றுள் ஒரு வகை. பள்ளிக் கண்காட்சி அட்டை முதல் திருமண அழைப்பிதழ் வரை இன்று இவ்வகை தாராளமாகக் கையாளப்படுகிறது. இவ்வகையில் உலகெங்கும் பரவியதும், உலகெங்கும் ஏளனம் செய்யப்பட்டதும் 'காமிக் சான்ஸ்' என்ற எழுத்துரு. அதன் குணத்தையும் குற்றத்தையும் சற்றே எடைபோட்டுப் பார்ப்போம்.

நாய்க்காகப் பிறந்த எழுத்து

1994ஆம் ஆண்டு, கணிப்பொறிக்குப் புதியவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'பாப்' என்னும் மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு சித்திர நாய் தோன்றி வழி சொல்லும். அதன் பேச்சுக் குமிழில் இருந்ததோ 'டைம்ஸ் நியூ ரோமன்'. 1932இல் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்காக வந்த எழுத்து அது. நாய் தலையங்கம் வாசிப்பது போல் இருந்தது!

அந்நிறுவனத்தில் பணியாற்றிய வின்சென்ட் கொனேர் என்ற எழுத்து வடிவமைப்பாளருக்கு இப்பொருத்தமின்மை உறுத்தியது. சித்திரக் கதைப் புத்தகங்களில் கையால் எழுதப்பட்ட உரையாடல்களைப் பார்த்து, அந்தச் சாயலில் ஒரு புதிய எழுத்துருவை வரைந்தார். ஆனால் பேச்சுக் குமிழ்கள் ஏற்கெனவே பழைய எழுத்தின் அளவுக்கு அமைக்கப்பட்டுவிட்டதால், புதிய எழுத்து அவற்றுள் அடங்கவில்லை. எனவே அது நாய்க்குக் கிடைக்கவில்லை, மற்றவர்களுக்குக் கிடைத்தது. 1995இல் விண்டோஸ் 95க்கான 'பிளஸ்' தொகுப்பில் இடம்பெற்று, பின்னர் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. கேட்காமலே கைக்கு வந்த பொருளை எல்லா இடத்திலும் பயன்படுத்துவது மனித இயல்பல்லவா? கடைப் பலகை, மருந்துச் சீட்டு, இரங்கல் அறிவிப்பு என்று அது போகாத இடமில்லை.

ஆக, பொருந்தாத எழுத்தைக் கண்டு எழுந்த எதிர்ப்பாகப் பிறந்ததே, பொருந்தாமைக்கு உலக உதாரணமாகிவிட்டது.

குணமும் குற்றமும்

முதலில் குணத்தைச் சொல்வோம். ஆங்கிலப் பெரிய 'ஐ', சிறிய 'எல்', எண் 1 ஆகிய மூன்றும் பல எழுத்துருக்களில் ஒரே கோடாகத் தோன்றிக் குழப்பும். காமிக் சான்ஸில் மூன்றும் தெளிவாக வேறுபடுகின்றன. சிறிய 'ஏ' என்னும் எழுத்து, குழந்தைகள் எழுதிப் பழகும் வடிவிலேயே இருக்கிறது. எழுத்துகள் நெருக்கியடிப்பதில்லை. படிப்பதில் இடர்ப்படும் டிஸ்லெக்சியா குறைபாடு உடையவர்களுக்கு ஏற்றவற்றுள் ஒன்றாக பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் இதையும் குறிப்பிடுகிறது. ஆகவே, "அழகில்லை" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குபவர்கள், யாருக்கு அது உதவுகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இனிக் குற்றம். அக்காலத்துக் கரடுமுரடான திரையில் சிறிய அளவில் தெரிவதற்காக வரையப்பட்ட எழுத்து இது. பெரிதாக்கி அச்சிட்டால் வளைவுகளின் நயமின்மை பளிச்செனத் தெரிகிறது. எழுத்துகளுக்கு இடையேயுள்ள வெளியும் சீராக இல்லை.

இன்னொரு குறை இவ்வகை முழுவதற்கும் பொதுவானது. நீங்கள் ஒரு தாளில் பத்து முறை 'அ' எழுதிப் பாருங்கள். பத்தும் பத்து விதமாக இருக்கும். எழுத்துருவிலோ பத்தும் ஒரே அச்சு. இரண்டு வரி படிப்பதற்குள், இது கையெழுத்தல்ல, கையெழுத்து வேடம் என்பதைக் கண் கண்டுபிடித்துவிடுகிறது. இதற்காகவே சில புதிய எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் வைத்து, மாறி மாறி வரச் செய்கிறார்கள். ஆயினும் நீண்ட கட்டுரைக்கு இவ்வகை உகந்ததன்று.

அறிவியல் மேடையில்

2012 ஜூலை 4 அன்று ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஹிக்ஸ் போசான் எனக் கருதத்தக்க புதிய துகள் அறிவிக்கப்பட்டது. அட்லஸ் ஆய்வுக் குழுவின் சார்பில் ஃபாபியோலா ஜியானோட்டி உரையாற்றினார். அவர் திரையில் காட்டிய பக்கங்கள் காமிக் சான்ஸில் இருந்தன! அறிவியலாளர் பல்லாண்டு தேடிய துகளை விட்டுவிட்டு, எழுத்தைப் பற்றிக் கேலி பேசியோர் பலர்.

கேலி செய்தவர்கள் அற்பர்கள் என்று தள்ளிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. கண்டுபிடிப்பின் உண்மை எழுத்தால் ஓர் அணுவளவும் குறையவில்லை. ஆனால் சொல்லப்படும் செய்திக்கு முழுவதும் சேர வேண்டிய கவனத்தில், எழுத்து ஒரு பங்கைப் பறித்துக்கொண்டது. அதுவே குற்றம். நல்ல எழுத்துரு நல்ல மூக்குக் கண்ணாடி போன்றது. அதன் வழியே பார்க்கவேண்டுமேயன்றி அதையே பார்க்க நேரக்கூடாது.

ஆய்வுகள் சொல்வது

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹ்யுன்ஜின் சாங், நார்பர்ட் ஷ்வார்ஸ் ஆகியோர் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓர் உடற்பயிற்சிக்கான குறிப்பைச் சிலருக்குத் தெளிவான 'ஏரியல்' எழுத்திலும், சிலருக்குத் தூரிகையால் தீட்டியது போன்ற எழுத்திலும் கொடுத்தனர். முதல் குழுவினர் பயிற்சிக்குச் சுமார் 8 நிமிடம் ஆகும் என்றனர்; இரண்டாம் குழுவினர் சுமார் 15 நிமிடம் என்றனர். படிக்கக் கடினமாக இருந்ததைச் செய்யவும் கடினம் என்று மனம் கணக்கிட்டுவிட்டது!

இதற்கு மாறாக, காமிக் சான்ஸ் போன்ற வழக்கமல்லாத எழுத்தைச் சாம்பல் நிறத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் பாடம் நன்கு நினைவில் நிற்கும் என்று பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2011இல் கூறினர். செய்தித்தாள்களும் அதைக் கொண்டாடின. ஆனால் பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2018இல் வெளியான மதிப்பீட்டில் அப்படியொரு பயன் காணப்படவில்லை. ஒரே ஓர் ஆய்வை நம்பிப் பாடக் குறிப்புகளை மங்கலாக்கிவிடாதீர்கள்!

நீங்கள் தேர்ந்தெடுக்கும்போது

காமிக் சான்ஸில் தமிழ் எழுத்துகள் கிடையா. அதைத் தேர்ந்தெடுத்து ஒருங்குறித் தமிழில் தட்டச்சு செய்தால், கணிப்பொறி வேறொரு தமிழ் எழுத்துருவை இட்டு நிரப்பிவிடும். ஆங்கிலச் சொல் துள்ளும். பக்கத்திலுள்ள தமிழ்ச் சொல் விறைத்து நிற்கும். ஆகவே தமிழுக்கென்றே வரைந்த கையெழுத்துப் பாணி எழுத்துருவைத் தேடிக்கொள்ள வேண்டும்.

அதையும் சோதிக்காமல் ஏற்காதீர்கள். 'எடு, ஏடு', 'கொடு, கோடு' ஆகியவற்றை அடித்துப் பாருங்கள். ஒரு சிறு சுழியும் வாலுமே இங்கே பொருளைக் காக்கின்றன. காலும் 'ர'வும் வேறுபடுகின்றனவா என்று கவனியுங்கள். புள்ளி தெளிவாக நிற்கிறதா என்றும் பாருங்கள். புள்ளி மங்கினால் 'பல் மருத்துவமனை' 'பல மருத்துவமனை' ஆகிவிடும்! பின்பு தாளைச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று, முன்னர் அதைப் பார்த்திராத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படித்தால் போதாது; உங்களுக்குத்தான் சொற்கள் மனப்பாடமாயிற்றே!

தலைப்பு, அழைப்பு, படத்தின் கீழ் ஒரு வரி ஆகியவற்றுக்குக் கையெழுத்துப் பாணி இனிமை தரும். மருந்தின் அளவு, எச்சரிக்கை, முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றுக்கு வேண்டாம். ஒரு பக்கத்தில் ஒரு கையெழுத்து போதும். இரண்டு வந்தால் இருவர் ஒரே நேரத்தில் பேசுவது போலாகும்.

நாய்க்கு நாயின் குரல் வேண்டும் என்று கொனேர் நினைத்தது சரியே. அடுத்த முறை கணிப்பொறியில் எழுத்துருப் பட்டியலைத் திறக்கும்போது, "எது அழகு?" என்று கேட்காதீர்கள். "இங்கே பேசுவது யார்? கேட்பது யார்?" என்று கேளுங்கள். விடை தானே கிடைக்கும்.